இடர் பதிவேட்டில் உண்மையில் என்ன எழுதுவது? (கல்லூரி நிர்வாகம் / விதிமுறைகள்)

தாமிரபரணிக்கரை

நண்பர்களுக்கு வணக்கம். அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். இந்தக் கல்வியாண்டிலிருந்து ஐக்யூஏசி (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர் வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் குழு வருவதற்குள் 'இடர் பதிவேடு' ஒன்று, அதாவது என்னென்ன ஆபத்து வரலாம், எதற்கு யார் பொறுப்பு என்ற பட்டியல், தயாராக வேண்டும் என்பது முதல்வரின் உத்தரவு. பக்கத்துக் கல்லூரியில் மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். நிலநடுக்கம், சுனாமி, பெருந்தொற்று, மாணவர் சேர்க்கை குறைதல் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வேறு. எங்கள் கல்லூரிக்கும் கடலுக்கும் வெகுதூரம். சுனாமியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

கேலியாகக் கேட்பதாக நினைக்க வேண்டாம். பொறுப்பு வந்துவிட்டது, உருப்படியாக ஏதாவது செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றி.

எதிர்க்கட்சி

சுனாமியை எடுக்காதீர்கள் ஐயா. பச்சை நிறத்தில் காட்ட ஒன்றாவது வேண்டாமா?

பழைய பதிவாளர்

தம்பி, அந்த மாதிரியை மூடி வைத்துவிட்டு, உங்கள் கல்லூரி ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். காரணம் சொல்கிறேன்.

2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் வேலை செய்த சிலர் தோல் கறுத்து, முடி கொட்டி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். கதிர்வீச்சுப் பாதிப்பு என்று தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான கழிவு இரும்பாக இருக்கும் என்றுதான் முதலில் பேச்சு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தடம் பிடித்துக்கொண்டே போய்க் கடைசியில் நின்ற இடம் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறை. 1960களின் இறுதியில் கனடாவிலிருந்து வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று அங்கே இருந்தது, உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். 1985க்குப் பிறகு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் உதவாது என்று ஒதுக்கிய சாமான்களோடு சேர்த்து ஏலத்தில் விட்டுவிட்டார்கள். வாங்கிய இடத்தில் ஈயக் கவசத்தைப் பிரித்தெடுத்தார்கள். உள்ளிருந்து வந்த உலோகத் துண்டு ஒன்றை ஒருவர் பணப்பையில் வைத்துக்கொண்டே நடமாடியிருக்கிறார். ஏப்ரல் இறுதியில் ஒரு தொழிலாளி இறந்தார்.

கோபால்ட்-60இன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 5.3 ஆண்டு. நாற்பது ஆண்டுக்கு மேல் கழிந்த நிலையில் தொடக்க வீரியத்தில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சமே ஓர் உயிரை வாங்கியது.

இதில் திருட்டு ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பல்கலைக்கழகமே நடத்திய ஏலம். கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் 2004இலிருந்து அமலில் இருந்தன. நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒன்று, சட்டம் தெரியாத இடமும் அல்ல. கருவி என்ன என்று அறிந்திருந்த தலைமுறை போய்விட்டது. கருவி மட்டும் அறையில் தங்கிவிட்டது.

நம் ஊரில் பேராசிரியர் ஓய்வு பெறும்போது நிலுவையில்லாச் சான்று வாங்குகிறோம். நூலகப் புத்தகம் திருப்பினாரா, கூட்டுறவுச் சங்கக் கடன் முடிந்ததா என்று பத்துக் கையெழுத்து. 'உங்களுக்கு மட்டும் தெரிந்த ஆபத்தான பொருள் எது, அதை யாரிடம் ஒப்படைத்தீர்கள்' என்று ஒரு வரி அதில் உண்டா? உங்கள் பதிவேட்டின் முதல் பக்கம் அந்தக் கேள்வியாக இருக்கட்டும்.

சோதனைக்குழாய்

ஐயா சொன்னது எங்கள் துறைக்கு வரிக்கு வரி பொருந்தும். வேதியியல் ஆய்வகத்தில் இருப்புச் சரிபார்ப்பு ஆண்டுதோறும் நடக்கிறது. வேறு துறை ஆசிரியர் ஒருவர் வந்து, பதிவேட்டில் 'பீக்கர் 250 மிலி' என்று இருக்கும் எண்ணிக்கையும் அலமாரியில் இருக்கும் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்ப்பார். உடைந்த பீக்கருக்கு விளக்கம் கேட்பார்கள். அலமாரியின் அடித்தட்டில், லேபிள் மங்கிப்போன ஈதர் பாட்டிலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: டைஎத்தில் ஈதர் திறந்த நிலையில் நெடுநாள் கிடந்தால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உருவாகும். மூடியைச் சுற்றி வெள்ளைப் படிகம் பூத்திருந்தால் அந்தப் பாட்டிலைத் திறக்கக் கூடாது, நகர்த்தக்கூடக் கூடாது. பிக்ரிக் அமிலமும் அப்படித்தான். ஈரத்தோடு இருக்கும்வரை சாது. உலர்ந்துவிட்டால் வெடிக்க உரசலே போதும். எத்தனையோ கல்லூரிகளில் இந்த இரண்டும் 'பழைய ஸ்டாக்' என்ற பெயரில் தூங்குகின்றன. பாட்டில் மேல் வாங்கிய தேதியும் திறந்த தேதியும் எழுதுவதற்கு ஒரு மார்க்கர் பேனா போதும், செலவு ஒன்றும் இல்லை.

அப்புறப்படுத்துவதுதான் செலவு. அபாயகரக் கழிவைக் கையாளும் பொது நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. தென்கோடியிலிருந்து நாலு பாட்டில்களை அங்கே அனுப்ப எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் எடுப்பது என்று எங்கள் அலுவலகத்துக்கே தெரியவில்லை. சிங்க்கில் ஊற்றிவிடுங்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் அறிவியல் ஆசிரியர் என்பதுதான் வேதனை.

எதிர்க்கட்சி

எல்லாம் சரி. ஆனால் நம் நாட்டில் விதிமுறைக்கு உட்படுதல் என்றால் என்ன என்பதை 2024 ஜூலையிலேயே பார்த்துவிட்டோம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளில். பிறகு பல்கலைக்கழகமே சரிபார்த்து, ஏறத்தாழ 2,000 இடங்களில் 189 பேர்தான் மாறி மாறிக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று அப்போதைய துணைவேந்தர் சொன்னார். அத்தனை கல்லூரிகளுக்கும் ஆய்வுக் குழு போயிருக்கிறது, அத்தனை கோப்புகளிலும் கையெழுத்து இருக்கிறது. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினரையே லஞ்சக் குற்றச்சாட்டில் சிபிஐ கைது செய்தது. தாமிரபரணிக்கரை என்னதான் உண்மையாக எழுதினாலும், படிக்கப்போகிறவர்கள் அட்டையின் தடிமனைத்தான் பார்ப்பார்கள்.

பழைய பதிவாளர்

படிக்கப்போகிறவர்களுக்காக எழுதச் சொல்லவில்லையே. ஆய்வுக் குழு இரண்டு நாளில் போய்விடும். ஈதர் பாட்டில் அங்கேயேதான் இருக்கும்.

இரவு ஆய்வகம்

நான் முனைவர் பட்ட மாணவி. பதிவேடு எழுதிவிட்டால் போதுமா என்று எனக்கு ஓர் ஐயம். எங்கள் துறையில் பாதுகாப்பு வகுப்பு எடுத்தபோது ஒரு பேராசிரியர் சொன்ன நிகழ்ச்சி இது. பிறகு நானும் தேடிப் படித்தேன்.

2008 டிசம்பர் 29. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். விடுமுறைக் காலம். 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுக்கிறார். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் பொருள் அது. சிரிஞ்சின் தண்டு கழன்று வந்துவிட்டது. அவர் ஆய்வக அங்கி அணிந்திருக்கவில்லை, மேலே இருந்தது செயற்கை இழை ஸ்வெட்டர். பதினெட்டு நாள் கழித்து இறந்தார். பேராசிரியர் மீதே குற்றவியல் வழக்குப் பதிவானது. ஆய்வக விபத்துக்காக அமெரிக்காவில் பேராசிரியர் ஒருவர் அப்படி வழக்கைச் சந்தித்தது அதுவே முதன்முறை என்று எழுதினார்கள்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. விபத்துக்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபரில், பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புப் பிரிவே அந்த ஆய்வகத்தைப் பார்வையிட்டிருக்கிறது. அங்கி அணியவில்லை என்பது உள்படக் குறைகளை எழுதிக் கொடுத்திருக்கிறது. அறிக்கை இருந்தது. குறை தீர்ந்ததா என்று திரும்பிப் பார்த்தவர் இல்லை.

எங்கள் ஆய்வகத்தில் ஃபியூம் ஹுட் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு) விசிறி ஓடும் ஓசை வரும், காற்றை இழுக்காது. ஒரு டிஷ்யூ தாளைக் கீழே பிடித்தால் அது அசையாமல் தொங்கும். புகார்ப் பதிவேட்டில் எழுதிவிட்டோம். 'பார்வையிடப்பட்டது' என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

விடுதி எண் மூன்று

அந்த 'பார்வையிடப்பட்டது' என்ற கையெழுத்தைப் போடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். விடுதிக் காப்பாளர். எங்கள் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள்.

இடர் பதிவேட்டில் 'பொறுப்பாளர்' என்று ஒரு பத்தி இருக்கும். விடுதி சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் 'காப்பாளர்' என்று எழுதிவிடுவார்கள். மின்கசிவு, சாப்பாட்டில் நச்சு, மாடிக் கைப்பிடிச் சுவர் உயரம், ராகிங், எல்லாமே நான்தான். என் கையில் இருக்கும் அதிகாரம் என்ன தெரியுமா? பல்பு மாற்றலாம். மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் ஒரு எம்சிபி ஸ்விட்சை மாற்ற வேண்டுமென்றால் மூன்று விலைப்புள்ளி வாங்கி, முதல்வர் வழியாகச் செயலருக்குப் போய், அவர் ஊரில் இருந்தால் கையெழுத்தாகி வரும். ஒரு மழைக்காலம் முழுக்க, குளியலறைப் பக்கத்து ஸ்விட்ச் போர்டில் ஷாக் அடிக்கிறது என்ற கடிதம் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் சொந்தப் பணத்தில் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த இணைப்பைத் துண்டித்தேன். அனுமதியில்லாமல் செய்தேன் என்று மெமோ வந்தது.

ஆகவே பெயர் போட்டுப் பொறுப்புக் கொடுங்கள் என்று சொல்வதற்கு முன், அந்தப் பெயருக்கு உரியவரால் எத்தனை ரூபாய்வரை செலவு செய்ய முடியும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் விபத்து நடந்த மறுநாள் யாரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்வது என்பதற்கான பட்டியலைத்தான் தயார் செய்கிறோம்.

தாமிரபரணிக்கரை

காப்பாளர் ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. மாதிரிப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதில் ஒவ்வோர் இடருக்கும் பொறுப்பாளராக இருப்பவர்கள் காப்பாளர், ஆய்வக உதவியாளர், உடற்கல்வி இயக்குநர், பஸ் ஓட்டுநர்கூட. செயலர் பெயரோ நிர்வாகக் குழுவின் பெயரோ ஓர் இடத்திலும் இல்லை.

கருப்பு அங்கி

வழக்கறிஞன் என்ற முறையில் ஒரு சொல். இந்தத் தலைப்பு வந்தாலே நிர்வாகங்கள் கேட்கும் முதல் கேள்வி, 'எழுதி வைத்தால் நாளை நீதிமன்றத்தில் நம்மையே அது மாட்டிவிடாதா' என்பதுதான். மாட்டிவிடும், எழுதிவிட்டுச் சும்மா இருந்தால். ஆனால் எழுதாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்பது பகல் கனவு. காப்பாளர் எழுதிய கடிதம் இருக்கும். மாணவி அனுப்பிய வாட்ஸப் இருக்கும். கவனக்குறைவால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் வழக்கு வந்தால், நிர்வாகத்துக்கு முன்பே தெரியுமா, தெரிந்தும் என்ன செய்தார்கள் என்பதைத்தான் துருவுவார்கள். எந்தத் தேதியில் தெரிந்தது, எந்தத் தேதியில் பணம் ஒதுக்கினோம், அதுவரை என்ன தற்காலிக ஏற்பாடு என்று காட்ட முடிந்தவர்களுக்குத்தான் பேச வாய் இருக்கும். காப்பாளர் இணைப்பைத் துண்டித்தது அந்தத் தற்காலிக ஏற்பாடுதான். அவருக்கு மெமோ கொடுத்தவர் தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

மேலும் ஒன்று. 2018 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் அதிவேகக் காற்றியக்க ஆய்வகத்தில் எரிவாயு சிலிண்டர் வெடித்து ஓர் ஆய்வாளர் இறந்தார், மூவர் காயமடைந்தார்கள். அவர்கள் அந்த வளாகத்தில் உருவான ஒரு புத்தொழில் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். இப்போது எல்லாக் கல்லூரிகளும் இப்படிப் புத்தொழில்களை வளர்க்க 'இன்குபேஷன் மையம்' திறக்கின்றன. அங்கே வேலை செய்யும் பையன் உங்கள் மாணவனா, ஊழியனா, விருந்தாளியா? காப்பீடு யாருடையது? ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

வெண்பா

எல்லோரும் வெடிப்பதையும் எரிவதையும் பற்றியே பேசுகிறீர்கள். பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் எங்கள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் நான் உறுப்பினர். அங்கிருக்கும் இடரைச் சொல்கிறேன்.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் தெளிவாகவே இருக்கின்றன. தலைவர் மூத்த பெண் ஆசிரியர். ஆசிரியர் இருவர், ஆசிரியரல்லாத பணியாளர் இருவர். விவகாரத்தில் மாணவர்கள் இருந்தால் மாணவர் பிரதிநிதிகள் மூவர், அதுவும் தேர்தல் முறையில். வெளியிலிருந்து ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். இதையெல்லாம் பலகையில் எழுதி மாட்டிவிடுகிறோம். ஆனால் துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத் தலைவர் போன்ற நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்தக் குழுவில் இருக்கக் கூடாது என்றும் அதே விதிமுறை சொல்கிறது. உங்கள் கல்லூரிப் பலகையைப் போய்ப் பாருங்கள், எத்தனை துறைத் தலைவர்கள் இருக்கிறார்கள் என்று. ஒரு மாணவி தன் துறைத் தலைவரைப் பற்றிய புகாரை, அவரோடு தினமும் கேன்டீனில் டீ குடிக்கும் இன்னொரு துறைத் தலைவரிடம் கொடுக்க வேண்டும். எந்தப் பெண் வருவாள்?

விளைவு, ஆண்டறிக்கையில் 'பெறப்பட்ட புகார்கள்: இல்லை'. அதைப் பெருமையாக வாசிக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆயிரக்கணக்கான மாணவிகள் படிக்கும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஒரு புகாரும் இல்லை என்பது சிவப்பு நிறத்தில் எழுத வேண்டிய வரி. 2025 ஜூலையில் ஒடிசாவின் பாலசோரில் ஒரு கல்லூரி மாணவி துறைத் தலைவர் மீது புகார் கொடுத்தும் நீதி கிடைக்காமல் வளாகத்திலேயே தீக்குளித்து இறந்தாள். அந்தக் கல்லூரியிலும் புகார்க் குழு இருந்தது, விசாரணையும் நடந்தது.

ஓஹையோ தமிழன்

வெண்பா அம்மா சொன்ன 'இல்லை' என்ற வரியைப் பற்றி. நான் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் விதிமுறைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே கிளெரி சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1986இல் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஒரு மாணவி கொலை செய்யப்பட்டாள். அதற்கு முன்பே வளாகத்தில் நடந்த குற்றங்கள் எங்களுக்குத் தெரிந்திருந்தால் மகளை அங்கே சேர்த்திருக்க மாட்டோம் என்று பெற்றோர் போராடியதன் விளைவு அது. 1990இல் சட்டமானது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1க்குள் வளாகக் குற்றங்களின் எண்ணிக்கையைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். அன்றாடக் குற்றப் பதிவேட்டை யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும்.

குற்றம் நடந்ததற்காக இந்தச் சட்டத்தில் அபராதம் இல்லை. மறைத்ததற்கும், தவறாக எண்ணியதற்கும், எச்சரிக்கை கொடுக்காததற்கும்தான் அபராதம். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 2016இல் ஏறத்தாழ 24 லட்சம் டாலர். லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 2024இல் 1 கோடியே 40 லட்சம் டாலர். ஆகவே எங்கள் நிர்வாகத்துக்குச் சுழியம் என்ற எண்ணைக் கண்டாலே பயம். எண்ணிக்கை திடீரென்று குறைந்தால், 'யாராவது பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்களா' என்று எங்களைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

இங்கே எல்லாம் தேனாறு ஓடுகிறது என்று சொல்லவில்லை. அறிக்கை எழுதுவதற்கென்றே ஒரு தனிப் படை உட்கார்ந்திருக்கிறது. அதன் சம்பளமும் மாணவர் கட்டணத்திலிருந்துதான் வருகிறது.

எதிர்க்கட்சி

நம்மிடமும் ராகிங் தடுப்பு உறுதிமொழிப் பத்திரம் இருக்கிறதே. மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று, ஆண்டுதோறும் இணையத்தில் நிரப்புகிறார்கள். பல ஊர்களில் பிரவுசிங் சென்டர்க்காரரே எல்லோருக்கும் நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்.

விடுதி எண் மூன்று

அதைக் கிண்டல் செய்வது எளிது. ஆனால் இந்தச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும். 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. நாடு தழுவிய யுஜிசி விதிமுறைகள் 2009இல், இமாச்சலப் பிரதேசத்தில் இன்னொரு மருத்துவ மாணவர் இறந்த பிறகு.

அந்த 2009 விதிமுறைகளில் உருப்படியானது உறுதிமொழிப் பத்திரம் அல்ல. முதலாண்டு மாணவர்களைத் தனி விடுதிப் பகுதியில் தங்கவைக்க வேண்டும், மூத்தவர்கள் அங்கே போவதைக் கண்காணிக்க வேண்டும் என்பதுதான். 2023 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதி மாடியிலிருந்து விழுந்து ஒரு முதலாண்டு மாணவன் இறந்தான். படிப்பை முடித்தவர்கள்கூட அதே விடுதியில் தங்கியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. பத்திரத்துக்குச் செலவில்லை, தனிக் கட்டடத்துக்குச் செலவு உண்டு. எது நடைமுறைக்கு வந்தது, எது வரவில்லை என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சர்வர் அறை

கணினிப் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம், 2019 டிசம்பர் 23. கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கும் நேரத்தில் இணையத் திருடர்கள் சர்வர்களைப் பூட்டிப் பணம் கேட்டார்கள். அக்டோபரில் யாரோ ஒருவர் திறந்த போலி மின்னஞ்சல்தான் வாசல். காப்புப் பிரதிகள் சிலவும் அதே வலையமைப்பில் இணைந்திருந்ததால் அவையும் பூட்டப்பட்டன. 30 பிட்காயின், அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 2 லட்சம் யூரோ கொடுத்து மீட்டார்கள். (பிறகு காவல்துறை அதில் ஒரு பகுதியைக் கைப்பற்றியது. அதற்குள் பிட்காயின் விலை ஏறி, கொடுத்ததைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. இதை யாரும் முதலீட்டுத் திட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) எனக்குப் பிடித்தது, அவர்கள் முழு விசாரணை அறிக்கையையும் பொதுவெளியில் வைத்ததுதான்.

நம் கல்லூரிகளில் மதிப்பெண் தரவின் காப்புப் பிரதி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அதே கணினியில் 'புதிய ஃபோல்டர் 2'.

2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகளும் 2025 நவம்பரில் வந்துவிட்டன. அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை. அந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஜூன் மாதத்தில் கல்லூரியில் சேருகிறவர்களில் எத்தனை பேருக்கு 17 வயது என்று சேர்க்கைப் பிரிவைக் கேளுங்கள். சாதிச் சான்று, ஆதார் நகல், வங்கிக் கணக்கு எல்லாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் பறந்துகொண்டிருக்கிறது. உதவித்தொகைப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் சாதி, கணக்கு எண்ணோடு ஒட்டும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். அதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை.

தாமிரபரணிக்கரை

அனைவருக்கும் நன்றி. நேற்று வகுப்பு முடிந்ததும் காகிதத்தை வைத்துவிட்டு வளாகத்தைச் சுற்றி வந்தேன். விடுதிச் சமையல்கூடம் வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

கேஸ் அறை என்று தனியாக இருக்கிறது, வெளிச் சுவர் ஓரமாக. பூட்டு இல்லை. 19 கிலோ வணிக சிலிண்டர்கள் எட்டு நின்றன, இரண்டு காலி. கதவின் அடியில் காற்று போக இடைவெளி வைத்திருந்ததை, எலி வருகிறது என்று சாக்கால் அடைத்திருந்தார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தங்கும் என்று பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. அறைக்கு வெளியே இரண்டு அடி தள்ளி மூடாத கழிவுநீர் வாய்க்கால். தலைமைச் சமையற்காரர் நல்ல மனிதர். 'ரப்பர் குழாயை எப்போது மாற்றினீர்கள் அண்ணாச்சி' என்று கேட்டேன். 'நான் வந்தபோதே இதுதான் இருந்தது சார்' என்றார். தீயணைப்பான் இருக்கிறது, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால். அதன் அட்டையில் அடுத்த சோதனைக்கான தேதி போன ஆண்டே முடிந்துவிட்டது.

தீத்தடுப்புத் தடையின்மைச் சான்று கல்லூரிக்கு இருக்கிறது. சட்டகம் போட்டு முதல்வர் அறையில் மாட்டியிருக்கிறது.

பதிவேட்டில் இதை எழுத உட்கார்ந்தால் ஒரு சிக்கல். சாக்கை எடுப்பதும் அரிசி மூட்டையை நகர்த்துவதும் அன்றே முடிந்தன. குழாய் மாற்றுவதைக் காப்பாளர் செய்யலாம். வாய்க்காலை மூடுவதும் சிலிண்டர் எண்ணிக்கையைக் குறைப்பதும் யார் பெயரில் எழுதுவது?

கருப்பு அங்கி

எட்டும் நிரம்பியிருந்தால் 152 கிலோ, காலி இரண்டு போனாலும் 114 கிலோ. எரிவாயு சிலிண்டர் விதிகளில் உரிமம் இல்லாமல் சேமிக்கக்கூடிய எல்பிஜி அளவு 100 கிலோ. ஐந்து சிலிண்டர் 95 கிலோ, ஆறு வைத்தால் 114. ஏஜென்சிக்காரரை நேரில் அழைத்து, காலி போக எத்தனை நிற்கலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். அதிகம் தேவையென்றால் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கல்லூரியின் சார்பில் கையெழுத்திட வேண்டியவர் செயலர். ஆகவே அந்த வரிக்குப் பொறுப்பாளர் செயலர்தான், காப்பாளர் அல்ல.

எதிர்க்கட்சி

செயலர் தன் பெயரைப் பதிவேட்டில் போட ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறீர்களா?

பழைய பதிவாளர்

தனியாகப் போய்க் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் 1976ஆம் ஆண்டு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கல்லூரிக் குழு என்று ஒன்று இருக்கும். அதன் கூட்டப் பொருள்நிரலில் ஒரே ஓர் இனமாகச் சேர்க்கச் சொல்லுங்கள்: 'விடுதி எரிவாயு அறை, செலவு அனுமதி'. நாற்பது பக்கப் பதிவேட்டைக் கொண்டுபோகாதீர்கள், 'பார்வையிடப்பட்டது' என்று போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒரு பக்கம், இரண்டு புகைப்படம், ஒரு விலைப்புள்ளி. குழு அனுமதித்தால் தீர்மான எண் கிடைக்கும். மறுத்தால் மறுத்ததும் கூட்டக் குறிப்பில் ஏறும். அந்த எண்ணைப் பதிவேட்டில் பொறுப்பாளர் பத்தியில் எழுதிவிடுங்கள்; யார் பெயரையும் போடச் சண்டை பிடிக்க வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு ஈதர் பாட்டில், அதற்கடுத்து புகார்க் குழு உறுப்பினர் மாற்றம். ஒரு கூட்டத்துக்கு ஒன்று போதும்.

விடுதி எண் மூன்று

மறுத்ததும் குறிப்பில் ஏறுமா என்பது குறிப்பை எழுதுபவர் யார் என்பதைப் பொறுத்தது ஐயா. எங்கள் கல்லூரியில் 'விவாதிக்கப்பட்டது' என்றுதான் எழுதுவார்கள்.

பழைய பதிவாளர்

அதற்கும் வழி உண்டு. கூட்டம் முடிந்த மறுநாள், 'நேற்றைய கூட்டத்தில் இப்பொருள் மீது எடுக்கப்பட்ட முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன். அதுவரை ஐந்து சிலிண்டர்களுக்கு மேல் அறையில் வைக்க வேண்டாம் என்று சமையல்கூடத்துக்கு அறிவுறுத்தியுள்ளேன்' என்று முதல்வர் வழியாக ஒரு கடிதம். உள்வரவுப் பதிவேட்டில் எண் போட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமிரபரணிக்கரை

அடுத்த கூட்டம் மாத இறுதியில். பொருள்நிரலில் சேர்க்க முதல்வர் வாய்மொழியாகச் சரி என்றிருக்கிறார்; எழுத்திலும் கேட்டிருக்கிறேன். வாய்க்கால் மூடிக்கு விலைப்புள்ளி வந்துவிட்டது. சோதனைக்குழாய் அவர்களே, கும்மிடிப்பூண்டிக்கு அனுப்புவது பற்றி உங்களுக்குத் தகவல் கிடைத்தால் இங்கேயே எழுதுங்கள். எங்கள் வேதியியல் அலமாரியின் அடித்தட்டை இன்னும் நான் பார்க்கவில்லை. துறையில் சாவி கேட்டிருக்கிறேன்.